இரவல் ட்ரான்ஸ்மிட்டரும் நாலில் நின்ற கரண்டும்

பாணைக் கறியில் தோய்த்து வாயில் வைக்கும் நேரம் பார்த்துத்தான் மெஷின்கள் நிற்கும். மெஷின் திருத்தும் இத்தனை வருடத் தொழிலில் இந்த விதி ஒரு நாளும் பிழைத்ததில்லை. அன்று காலையும் பாண் கையில் இருக்கும்போதே கண்டக்குழியில் ஐஸ் பெக்டரி நடத்தும் ஹாஜியார் எனக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, கொம்பிரஸர் நிண்டு போச்சு. ஐஸ்கட்டி இன்னும் நடு இறுகல்ல. போட்டெல்லாம் அஸர் தொழுகைக்குப் புறகு இறங்கும். ஐஸ் இல்லாம எவன் கடலுக்குப் போவான்?”

அவருக்குப் பின்னால் நின்ற ஒப்பரேட்டர், எல்லோருக்கும் அண்ணனான மஜீத் நானா, போனை வாங்கினார். “பிரஷர் ட்ரான்ஸ்மிட்டர்ட மூடியக் கழட்டினேன் மாஸ்டர். உள்ளுக்கு உப்புத்தண்ணி. ஆள் மௌத்து, உசிரே இல்ல.”

அமோனியா குழாயின் அழுத்தத்தை அளந்து பெனலுக்குச் சொல்லும் சாமான் அது. அது வாய் திறக்காவிட்டால் பெனல் கொம்பிரஸரை ஓட விடாது. கொழும்பிலிருந்து புதியது வர நாளாகும். ஆனால் எங்கள் கரையோரத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பக்கத்து வீட்டில் சீனி கேட்பதுபோல, ஒரு பெக்டரியிலிருந்து இன்னொரு பெக்டரிக்குச் சாமான் இரவல் போகும். பள்ளிவாசல்துறைப் பக்கம் குடிதண்ணீர் சுத்திகரிக்கும் பிளாண்டில் ரிஸ்னா டெக்னீஷியன். அவரிடம் ஸ்பெயார் ஒன்று இருந்தது. போகும் வழியில் பைக்கை நிறுத்தினேன். பொலித்தீன் பையில் சுற்றி கேட்டடியிலேயே தந்தார்.

“எதுக்கு நானா இவ்வளவு அவசரம்? ஒரு நிமிஷம் நில்லுங்களே, சொல்ல...”

அதற்குள் நான் பைக்கைத் திருப்பிவிட்டேன்.

வயர் இரண்டுதான்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இந்த வகை ட்ரான்ஸ்மிட்டருக்குச் சாப்பாடும் கதையும் ஒரே இரண்டு வயரில்தான். பெனலில் இருந்து வரும் 24 வோல்ட் DC அதற்குள் போய்த் திரும்பி வரும். அழுத்தம் பூச்சியம் என்றால் அது 4 மில்லி ஆம்பியர் எடுக்கும். முழு அழுத்தம் என்றால் 20. வயர் அறுந்தால் கரண்டே இராது. பூச்சியத்தையும் அறுந்த வயரையும் பிரித்து அறியத்தான் நாலில் தொடங்குகிறார்கள். இதே கரண்டின் முதுகில் டிஜிட்டல் சிக்னலும் ஏறிப் போகும். கையில் பிடிக்கும் கொம்யூனிகேட்டரால் அதோடு பேசலாம். பேச்சு கேட்க வேண்டுமென்றால் லூப்பில், அதாவது அந்த வயர் வட்டத்தில், 250 ஓம் தடை இருக்க வேண்டும். ஹாஜியாரின் பெனலில் அவ்வளவு இல்லாததால் வயரோடு ஒரு ரெசிஸ்டர் சேர்த்தேன். ரெசிஸ்டரும் கொஞ்சம் வோல்டேஜைத் தின்னும். ஆகவே ட்ரான்ஸ்மிட்டர் முனையில் மிச்சம் போதுமா என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன். போதும்.

தண்ணீர் பிளாண்டில் அதன் ரேஞ்ச் பூச்சியத்திலிருந்து 16 பார். இங்கே பெனல் எதிர்பார்ப்பது 10. அதையும் கொம்யூனிகேட்டரால் மாற்றினேன். ஊருக்கே கரண்ட் கொண்டுவந்தவன்போல நெஞ்சை நிமிர்த்தி, “வால்வைத் திறங்க நானா,” என்றேன்.

மஜீத் நானா திறந்தார். பெனல் 0.0 காட்டியது. லூப்பில் மீட்டரைப் போட்டால் சரியாக நாலு. ஊசிமுனை அளவுகூட அசையவில்லை.

நான் ஓடினேன்

நாலு என்றால் வயர் சரி. சாமானும் உயிரோடு இருக்கிறது. அழுத்தம்தான் இல்லை. அழுத்தம் இல்லை என்றால் அமோனியா எங்கே? என் மூளை ஒரே ஒரு விடையைத் தந்தது: வெளியே!

“கேஸ் லீக்!” என்று கத்திக்கொண்டு, ஷேர்ட்டால் மூக்கைப் பொத்தி வாசலுக்குப் பாய்ந்தேன். ஐஸ் வாங்கப் பெட்டியோடு காத்திருந்த மீனவர்களும் என்னோடு ஓடினார்கள். முழங்கால் வலிக்காரரான ஹாஜியார் எங்கள் எல்லோரையும் முந்திவிட்டார்.

மஜீத் நானா மட்டும் கதவடியில் நின்றார். “லீக் எண்டா உங்கட கண்ணு முதல்ல எரியும் மாஸ்டர். எரியுதா? குழாயில இருக்கிற முள்ளு மீட்டர் ரெண்டு பார் காட்டுது. உள்ளுக்கு வாங்க.”

வந்தேன். வயரைத் திருப்பிப் பார்த்தேன், பியூஸைப் பார்த்தேன், பெனலின் வேறு இன்புட்டில் கொடுத்துப் பார்த்தேன். நாலு நாலுதான். வெளியே ஒருவர் குரல் கொடுத்தார்: “மாஸ்டர், ஓடச் சொன்னீங்க, ஓடினோம். ஐஸ் எப்ப?”

ஹாஜியார் பொறுமை இழந்தார். “அந்தச் சாமானை விட்டுட்டு நேரா ஓட்டேலாதா? ஐஸ் இளகப் போகுது!”

“ஏலாது ஹாஜியார்,” என்றார் மஜீத் நானா. “பிரஷர் பாக்காம ஓட்டி ஏதும் நடந்தா ஐஸும் இல்ல, நாங்களும் இல்ல. கொஞ்சம் பொறுங்க. மாஸ்டர் பாப்பார்.”

சற்று முன் நான் ஓடிய ஓட்டத்தைக் கண்ணால் கண்ட மனிதர் இதைச் சொன்னார். வெட்கத்தில் என் பதற்றம் அடங்கியது. அப்போதுதான் முதன்முதலாகக் கொம்யூனிகேட்டரின் திரையை ஒழுங்காகப் பார்த்தேன். அழுத்தம்: 2.1 பார். டிஜிட்டல் உண்மை சொல்கிறது. முள்ளு மீட்டரும் ஆமோதிக்கிறது. கரண்ட் மட்டும்தான் பொய் சொல்கிறது.

“பழுதான சாமானைத் தந்திருக்கீங்க!” என்று ரிஸ்னாவுக்குப் போன் எடுத்துப் பாய்ந்தேன்.

அவர் சிரித்தார். “அதத்தானே நானா சொல்ல வந்தேன், நீங்க பறந்துட்டீங்க. எங்கட பிளாண்ட்ல ட்ரான்ஸ்மிட்டர் ஆறு பேர் ஒரே வயர் சோடியில தொங்குறாங்க. ஆளுக்கொரு அட்ரஸ் நம்பர். இவர் அஞ்சாம் ஆள். நம்பர் போட்டா டிஜிட்டல்ல மட்டும்தான் கதைப்பார், கரண்ட் நாலிலயே நிண்டுரும். அட்ரஸைப் பூச்சியமாக்குங்க.”

பூச்சியமாக்கினேன். கரண்ட் நாலை விட்டு எழும்பி ஏழைத் தாண்டி நின்றது. பெனலில் 2.1. மஜீத் நானா பட்டனை அழுத்தினார். கொம்பிரஸர் உறுமிய சத்தம் எனக்குப் பெருநாள் காலைத் தக்பீர் முழக்கம்போலக் கேட்டது.

அஸர் தொழுது வரும்போது முதல் ஐஸ்கட்டி வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு மீனவர் கோடரியின் பின்புறத்தால் தட்டிப் பார்த்து, “நடுவும் கல்லுத்தான்,” என்றார். போட்டுகள் இறங்கின.

இப்போதெல்லாம் இரவல் சாமானுக்குப் பவர் கொடுத்ததும் அட்ரஸ், ரேஞ்ச், யூனிட் மூன்றையும் வாசித்த பிறகுதான் மற்ற வேலை. தருகிறவர் ஒரு நிமிடம் நில் என்றால் நிற்கிறேன். இரண்டு அளவுகள் முரண்பட்டால் மூன்றாவது ஒன்றைத் தேடிய பிறகே பதறுகிறேன். பதறாமல் இருக்க இன்னும் பழகவில்லை. ஆனால் அன்று மஜீத் நானா தன் முதலாளியையே மறித்து எனக்கு வாங்கித் தந்த அந்தக் கொஞ்ச நேரம் இல்லாவிட்டால், இதைச் சிரித்துக்கொண்டு எழுத நானும் இல்லை, திட்டிக்கொண்டு வாசிக்க ஹாஜியாரும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.