கை நீட்டி நின்ற வேலை

“தண்ணியில விழுந்தவன மொதல்ல கண்ணால புடிடா, கையி அப்புறமா...” என்று ஆரம்பிப்பார் காசிம் பாய், எங்கள் கப்பலில் மேல்தள ஆட்களுக்கெல்லாம் மூத்தவர். மீதியை மறந்துவிட்டேன். பார்த்துக்கொண்டு நிற்பதே தொழில் என்று ஆகிவிட்டால் ஒருவரும் நம்மை மதிப்பதில்லை. வாட்ச்மேன்களே, லாரிக்கு ரிவர்ஸ் பார்த்துச் சொல்லும் கிளீனர்களே, உங்களுக்குத் தெரியாததா?

பனிக்குள் ஒரு தலை

குளிர்தேசத்துத் துறைமுகம் ஒன்றில் காலை எட்டு மணி. பனிமூட்டம், தண்ணீர், வானம் எல்லாம் ஒரே சாம்பல். கப்பலின் பக்கவாட்டில் பெயின்ட் அடிக்கத் தொங்கவிட்ட பலகையிலிருந்து தூத்துக்குடி அந்தோணி வழுக்கி விழுந்தான். சத்தம்கூட வரவில்லை.

கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. விழுந்தவனை முதலில் பார்த்தவன் அவனை நோக்கிக் கையை நீட்டியபடியே நிற்க வேண்டும். வேறெதுவும் செய்யக் கூடாது. கயிறு, படகெல்லாம் மற்றவர் பாடு. முதலில் பார்த்தவன் நான். நீட்டினேன். யாரோ கனவில் மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல அந்தத் தலை மெல்ல விலகிப் போனது. மிதவை வளையத்தோடு ஓடிவந்த சமையற்காரர் ராஜு அண்ணன், வியாசர்பாடிக்காரர், கத்தினார்: “அங்க ஆளு சாவறான், நீ இன்னாடா செலையாட்டம் நின்னுகினு கீற!”

ஒரு நொடி

ரோஷம் வந்துவிட்டது. வளையத்தின் கயிறு சிக்கிக் கிடந்தது, வாங்கிப் பிரித்தேன். நிமிர்ந்தால், தலையைக் காணோம்.

துறைமுகத்துப் படகு வந்துவிட்டது. எந்தப் பக்கம் போவது என்று படகுக்காரர் என் கையைத்தான் பார்த்தார். என் கை கயிற்றில் இருந்தது. கண்ணால் அந்தச் சாம்பலைத் துழாவிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரமென்று இன்றும் தெரியாது. பனி சற்றுக் கிழிந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. நீட்டினேன். படகு நேரே போய் அவனை அள்ளிக்கொண்டது.

அன்று மாலை மூன்று கம்பளிகளுக்குள்ளிருந்து அந்தோணி சொன்னான்: “உன் கைய பாத்துக்கிட்டுத்தாம்ல கெடந்தேன். நடுவுல அது காணாமப் போச்சு பாரு, அப்பதான் பயந்துட்டேன்.”

தரையில்

ஊர் திரும்பி, வடக்குப்பட்டில் குடியிருந்து, ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் கிரேனுக்குச் சைகை காட்டுகிறேன். தகடு அழுத்தும் இரும்பு அச்சு ஒன்று அந்தரத்தில் மிதந்து வரும்போது ஷெட்டின் வெளிச்சமே தண்ணீர்போல அசையும். கீழே அதைப் பிடித்து இறக்கும் ஏழுமலை மேலே பார்க்க மாட்டார், என்னை நம்பி.

போன வாரம், அச்சு பாதி வழியில் வரும்போதே சூப்பர்வைசர் சலான் செருகிய ஓர் அட்டையை என் கையில் திணித்தார். “கைய ஆட்றதுக்கு ஒரு ஆளா சார்? அப்டியே இந்த சலானையும் டிக் போட்டுடுங்க. முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆளு வெச்சிக்கிறேன்.”

அச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன்.