மச்சாளின் வலி இடாப்பு

இரப்பர் பட்டியைக் கையில் இறுக்கியதுமே மச்சாள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டார். நான் இன்னும் ஊசியைத் தொடவேயில்லை. "குத்த முதலே இப்படியெண்டா எப்படி மச்சாள்? உங்கட ஒண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்தா சிரிக்கப் போறாங்க" என்று பகிடி விட்டேன். அவரும் சிரிக்கப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிறவன் நான். பட்டி இறுக்குவதே ஒருவருக்கு அவ்வளவு நோகும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மச்சாள் என் மனைவியின் அக்கா. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான். கலியாணம் முடித்து ஆண்கள் நாங்கள்தான் அவர்கள் வளவுக்குப் போவோம். அப்படி மாமி, மச்சாள், நாங்கள் என்று ஒரே வளவில் மூன்று வீடு, ஒரு கிணறு. ஒருவருக்குத் தலையிடி என்றாலும் மூன்று வீட்டுக்கும் தெரியும். மச்சாளுக்கோ கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று உடம்பெல்லாம் வலி. விடிய எழும்பும்போதே அடித்துப்போட்டது போன்ற களைப்பு. பரிசோதனை முடிவுகளை நான்தான் கொண்டுவருவேன். கிணற்றடியில் நின்று, பரீட்சை முடிவு வாசிப்பதுபோல, "எல்லாம் நல்லா இருக்கு, ஒரு வருத்தமும் இல்ல" என்று வளவுக்கே கேட்கச் சொல்வேன். நல்ல செய்தி சொல்கிறேன் என்ற பெருமை வேறு. "வருத்தமில்லையெண்டு மருமகனே சொல்லிட்டார். பிறகென்னத்துக்குகா படுக்கிறாய்?" என்று மாமி கேட்கத் தொடங்கினார். மச்சாளின் புருஷன் தானே தேத்தண்ணி ஊற்றிக் குடிக்க வேண்டியிருப்பதைக் குத்திக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் லீவெல்லாம் முடிந்துபோயிற்று. நோய் என்று காட்ட வைத்தியர் எழுதிய ஒரு துண்டும் இல்லை. வேலையை விடுவதாக அக்கா கடிதம் எழுதி வைத்துவிட்டார் என்று மனைவி சொன்னபோதுதான் எனக்குத் துணுக்கென்றது. சொந்தப் பிள்ளைகள் இல்லாத அவருக்கு அந்த வகுப்புத்தான் எல்லாம்.

கடைசியில், மூட்டு வருத்தம் பார்க்கும் வைத்தியர் ஒருவர் மச்சாளின் உடம்பை அங்கங்கே அமர்த்திப் பார்த்துவிட்டு, "இது பைப்ரோமயால்ஜியா, உடம்பெல்லாம் நோகிற வருத்தம். இரத்தத்தில தெரியாது" என்றார். கூடவே மனநல கிளினிக்குக்கும் துண்டு எழுதினார். வளவு இரண்டுபட்டது. "அப்ப என்ர பிள்ளைக்கு விசரா?" என்று மாமி தலையில் கைவைத்தார். யாரும் கூடப் போக முன்வரவில்லை. உள்ளுக்குள் உறுத்தியதால் நான் போனேன்.

அங்கே மச்சாள் பையிலிருந்து ஓர் இடாப்பை எடுத்து மேசையில் வைத்தார். வகுப்பில் பிள்ளைகளின் வரவு போடுகிற அதே மாதிரி இடாப்பு. பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால், நித்திரை, பயம், அழுகை. பதினொரு மாதம், ஒரு நாள் விடாமல், வந்தவற்றுக்குச் சரி, வராதவற்றுக்குப் பூச்சியம். மனநல வைத்தியர் சின்னப் பெண். பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "ரீச்சர், இதை ஆர் எழுதச் சொன்ன?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல டொக்டர். நானாத்தான் எழுதின" என்ற மச்சாள் விரல் வைத்துக் காட்டினார். நித்திரை இரண்டு நாள் வராவிட்டால் கழுத்தும் தோளும் தவறாமல் வந்திருந்தன. அவை நாலு நாள் தங்கினால் அழுகை வந்திருந்தது. அழுகை வந்ததும் நித்திரை போயிருந்தது. "ஆர் முதல்ல வாற எண்டு பிடிக்க ஏலாமக் கிடக்கு. ஒண்டு மற்றதைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வருது."

"வலி மனச்சோர்வைக் கூட்டும், மனச்சோர்வு வலியைக் கூட்டும். அதுக்காக வலி பொய்யில்ல ரீச்சர். ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்" என்றார் வைத்தியர். என் இயந்திரங்கள் ஒன்றுக்கும் அகப்படாததை, தலைவாரக் கை உயராத ஒரு மனுஷி கோடு போட்டுக் கண்டுபிடித்திருந்தார். அந்தச் சரிகள் விழுந்த நாட்களில் எத்தனையில் அவர் எழும்பிக் குளித்து, பஸ் ஏறி, கரும்பலகையில் அகரம் எழுதியிருக்கிறார்! அந்தப் பிரமிப்பு எனக்கு இன்றுவரை தீரவில்லை.

நாலு வருடம் ஓடிவிட்டது. மருந்து, மெல்ல மெல்லக் கூட்டிய நடை, மாதாமாதம் அந்த வைத்தியரோடு பேச்சு. வலி போய்விடவில்லை, குறைந்திருக்கிறது. மச்சாள் வேலை விடும் கடிதத்தைக் கிழித்துவிட்டார், முடியாத நாளில் கதிரையில் இருந்து படிப்பிக்கிறார். மாமி இப்போது காலையில் "இண்டைக்கு எப்பிடி மகள்?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்பை மூட்டுகிறார்.

போன கிழமை பின்னேரம் வாவிக்கரையில் மச்சாளோடு நானும் நடந்தேன். நெடுநாளாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க மச்சாள். வளவு முழுக்க உங்களை நம்பாமப் போனது என்னாலதான்."

அவர் நடையை நிறுத்தவில்லை. "அவங்க நம்பாததுகூடப் பரவாயில்ல தம்பி. நீங்க சொன்னதை நானும் நம்பிட்டன். இவ்வளவு நோவுக்குள்ளயும், நான் நடிக்கிறனோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டு. நான் பொய்க்காரியா எண்டு பார்க்கத்தான் வரவு எடுக்கத் தொடங்கின."