மாதம்மாவின் தனி அடுப்பு

1. குடம் உருண்ட காலை

வத்தல்மலையில் கிராம சுகாதார செவிலியராக நான் இருந்த கடைசி வருடங்களில் நடந்தது இது. இப்போது ரிட்டயர்டு ஆகி வீட்டில் இருக்கிறேன். மலைக்குப் போஸ்டிங் வந்துவிட்டதே என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிற புதுப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். ஆறுதலாக எதுவும் இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஒரு கார்த்திகை மாதக் காலை. பி.பி. மிஷினை எடுத்துக்கொண்டு மாதம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் குடம் உருண்டு கிடந்தது. அவள் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் பிடித்தாளாம், கை முழுக்கக் கரண்ட் அடித்த மாதிரி இருந்ததாம்.

அவளுக்குக் குடலில் கேன்சர். ஆபரேஷன் முடிந்து, கீழே தருமபுரியில் கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வைத்தியம் இலவசம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை குளிர்ச்சி ஆகவே ஆகாது. பச்சைத்தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகிக்கொள்ளும். ஃப்ரிட்ஜ் தண்ணீரைத் தொடாதே என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மார்கழி நெருங்கினால் எங்கள் மலையில் குழாயில் வருவதே ஃப்ரிட்ஜ் தண்ணீர்தான் என்று அவருக்கு யார் சொல்வது?

மாதம்மா விதவை, பிள்ளை இல்லை. கணவனின் அண்ணன் வீட்டோடு இருந்தாள். அண்ணன் பெண்டாட்டி காவேரி அவளுக்கு ஓரகத்தி என்றாலும் கூடப்பிறந்தவள் மாதிரி. சமையல் புகை பட்டால் மாதம்மாவுக்கு வாந்தி நிற்காது. அதனால் காவேரியே வீட்டுப் பக்கத்துக் கொட்டாயைச் சுத்தம் செய்து அவளைப் படுக்கவைத்திருந்தாள். வெளியே மூன்று கல் வைத்து, வெந்நீருக்கும் கஞ்சிக்கும் அவளுக்கென்று ஒரு அடுப்பு. காவேரி காட்டு வேலைக்குப் போய்விட்டால் அவளே மூட்டிக்கொள்ள வேண்டியதுதான். பனி இறங்கினால் அந்த அடுப்பு பற்றாது. நான் வாங்கிக் கொடுத்த ஹீட்டர் கம்பியும் உதவவில்லை. காற்றடித்தால் மலையில் கரண்ட் இருக்காது.

அவளுக்கு ஒரு கேஸ் அடுப்பு வேண்டும், அவ்வளவுதான்.

2. கார்டு

இலவச கேஸ் திட்டம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு இணைப்பு. காவேரி வீட்டுக் கார்டுக்கு வந்த அடுப்பும் சிலிண்டரும் ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் அவள் மகனிடம் இருந்தன. கைக்குழந்தை இருக்கிற வீடு, திருப்பிக் கேட்க முடியாது. மாதம்மாவின் பெயரும் அதே கார்டில்தான். அவளுக்குத் தனி இணைப்பு வேண்டுமென்றால் தனி கார்டு வேண்டும். தனி கார்டு வேண்டுமென்றால் அதிகாரி வந்து பார்ப்பார். அவர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், தனி அடுப்பு இருக்கிறதா என்று.

தனி அடுப்புதான் இருக்கிறதே, வேலை சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். மனு போட்டுவிட்டு, அதிகாரி வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று மாதம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். காவேரியிடமும் சொல்லிவிடு என்றேன். தலையாட்டினாள். ஆனால் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தனி கார்டு கேட்டால் சொத்தில் பாகம் கேட்கிறாள் என்று அர்த்தம். தன்னை இத்தனை பார்த்துக்கொள்கிறவளிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது என்று வாய் வராமல் இருந்துவிட்டாள்.

3. முதல் விசிட்

கார்டு மனுக்களை விசாரிக்கும் தாலுகா சப்ளை ஆபீஸ் ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் மலைக்கு வந்தார். நான் அடுத்த ஊரில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தேன். தகவல் தெரிந்து ஓடி வந்தபோது ஜீப் இறங்கிப் போயிருந்தது.

காவேரி வாயெல்லாம் சிரிப்பாக நின்றாள். ஜீப் வருகிறது என்றதும் மூன்று கல்லையும் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்து, சாம்பலை வழித்துச் சாணி போட்டு மெழுகிவிட்டாள். மாதம்மாவைக் கட்டிலோடு தூக்கிவந்து பெரிய வீட்டு நடுவில் போட்டுவிட்டாள். சீக்குக்காரியைத் தள்ளிவைத்திருக்கிறார்கள் என்று கவர்மெண்டு ஆள் எழுதிக்கொண்டு போனால் என்ன மானம் மிஞ்சும்?

"ஒரே அடுப்பு, ஒரே பானைதானுங்கன்னு சொல்லிட்டனுங்க நர்சம்மா. அவர் கேட்டதுக்கு மாதம்மாவும் ஆமாங்கன்னு சொல்லிட்டா" என்றாள்.

கட்டிலில் இருந்த மாதம்மா என்னைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நாளில் போனுக்கு மெசேஜ் வந்தது: மனு நிராகரிக்கப்பட்டது.

4. தாலுகா ஆபீஸ்

காவேரியிடம் உண்மையைச் சொன்னேன். மறுநாள் முதல் பஸ்ஸுக்கு எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

சப்ளை ஆபீசில் நல்ல கூட்டம். அத்தனை பேருக்கு நடுவில் காவேரி ஆர்.ஐ. மேஜைக்கு முன்னால் போய், "நான்தானுங்க அவள வூட்ட வுட்டுத் தள்ளி வெச்சேன். தனியாத்தான் பொங்கித் தின்றா" என்றாள்.

ஆர்.ஐ. கெட்டவர் இல்லை. பொய்யைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர். "ஏம்மா, அன்னிக்கு ஒரே பானைன்னீங்க, கண்ணால பாத்தேன். இன்னிக்கு கேஸுக்காக மாத்திப் பேசறீங்களா?" என்று கேட்டார். நான் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைக் காட்டினேன். பார்த்தார், உச்சுக்கொட்டினார். கேன்சர் என்று போட அந்த மனுவில் இடமே கிடையாது. புதிதாகப் போடுங்கள், மறுபடி வந்து பார்க்கிறேன் என்றார்.

திரும்பும்போது காவேரி ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அந்த ஆபீசில் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருந்தாள்.

5. இரண்டாம் விசிட்

காவேரி சீக்குக்காரியை அடித்துத் துரத்திவிட்டாளாம், ஆபீசிலேயே ஒத்துக்கொண்டாளாம் என்று பேச்சு கிளம்பியது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். நான் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டேன். யார் கேட்டார்கள்?

மாதம்மா காதுக்கும் அது எட்டியது. ஒரு சாயங்காலம் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு, தடுக்கத் தடுக்கக் கேட்காமல், பெரிய வீட்டுச் சமையல் அடுப்புக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டாள். புகையில் வாந்தி, இருமல். தின்றது எதுவும் தங்கவில்லை. ரத்த அளவு இறங்கி அடுத்த கீமோவைத் தள்ளிப்போட்டார்கள். அதற்கடுத்ததற்கு அவளே கிளம்பவில்லை. அந்தப் பனியில் இறங்கிப் போய்வர முடியாது என்றாள். கையெடுத்துக் கும்பிட்டேன், திட்டினேன், அழுதேன்.

தை பிறந்ததும் ஆர்.ஐ. வந்தார். இந்த முறை முன்கூட்டியே எனக்குப் போன் செய்து, என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். கொட்டாய் காலியாகக் கிடந்தது. உள்ளே அடுப்போரம் மாதம்மா. ஆள் பாதியாகியிருந்தாள்.

அவர் குனிந்து, "தனியாத்தானம்மா சமைக்கறீங்க? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மிச்சத்த நான் எழுதிக்கறேன்" என்றார். அதற்கு மேல் ஒரு அதிகாரி இறங்கிவர முடியாது. காவேரி அவளைப் பார்த்து, சொல்லு, சொல்லு என்று தலையை ஆட்டினாள். வாசலில் ஊர்ப் பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாதம்மா அவர்களைப் பார்த்தாள். எழுந்து உட்கார முயன்று, முடியாமல் படுத்தபடியே அந்தப் பெண்களுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஒரே அடுப்புதானுங்க சார். எங்கக்கா என்னைய ஒரு நாளும் தள்ளி வெச்சதில்லைங்க."

மாசியில் போய்ச் சேர்ந்தாள்.

எனக்குக் கிடைத்த பாடம் இதுதான். நோய்க்காரிக்குச் சூடு வேண்டும் என்று நாம் மனு போடுகிறோம். அரசாங்கம் அவளிடம் கேட்பது, உன்னை வீட்டார் தள்ளிவைத்துவிட்டார்களா என்று. எங்கள் மலையில் ஆமாம் என்று சொல்லி உயிர் பிழைக்க எவளும் சம்மதிக்க மாட்டாள். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை, பிள்ளைகளா. எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை.