கதிர் ஒட்டிக்கொள்ளுமா?

போன மாதம் முழங்கால் வலிக்கு எக்ஸ்ரே எடுக்கப் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். படம் எடுத்து முடித்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் எடுத்துவிட்டு வந்த ஓர் இளம்பெண், தன் கைக்குழந்தையைத் தங்கை மடியிலேயே விட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. தூக்க வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"இப்பந்தானக்கா எடுத்திருக்கேன். கதிரு உடம்புல இருக்கும்லா. கொஞ்ச நேரம் ஆவட்டும்."

"லைட்டை அணைச்ச பெறவு ரூமுக்குள்ள வெளிச்சம் தங்குமா? இதுவும் அப்படித்தான். தூக்கு" என்றேன். பாதி நம்பினாள். போனை எடுத்து எதையோ தேடிப் பார்த்த பிறகு மீதியையும் நம்பினாள். எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான். ஒரு காலத்தில் இந்த ஜில்லாவில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன ஆள் நான்.

சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிக ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். வயது இருபத்து நான்கு. ஜங்ஷன் பக்கத்து அச்சகம் ஒன்றிலிருந்து ஒரு வாரப்பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதன் ஆசிரியருக்கு அறிவியல் கேள்வி பதில் பகுதி வேண்டும், எழுத ஆள் இல்லை. என் தோழியின் சித்தப்பா என்பதால் என்னிடம் வந்தார். பகுதிக்கு 'பேராசிரியர் பதில்கள்' என்று அவரே பெயர் வைத்துவிட்டார். எனக்கும் பேராசிரியர் பதவிக்கும் நடுவே இன்னும் இரண்டு பட்டமும் பதினைந்து வருஷமும் கிடந்தன. அதைப் பற்றி நாங்கள் இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

வாரத்துக்கு ஒரு கட்டு தபால் அட்டை வரும். எல்லாம் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பிக்கும். அட்டைகளுக்கு வாசனை உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. சிலதில் பீடி இலை, சிலதில் கருவாடு, ஒன்றில் நல்ல சாம்பிராணி. ஃபிரிட்ஜைத் திறந்து வைத்தால் அறை குளிருமா என்று ஒருவர் கேட்டிருந்தார். குளிராது, பின்பக்கம் விடும் சூட்டில் அறை இன்னும் சூடாகத்தான் செய்யும் என்று எழுதினேன். தென்கடற்கரையில் அணுமின் நிலையம் வரப்போகிறது என்று பேச்சு இருந்த காலம் ஆகையால் அந்தக் கேள்விகளும் நிறைய. அணு உலைக் கரண்டில் பல்பு எரித்தால் அந்த வெளிச்சம் உடம்புக்கு ஆகுமா? அந்தக் கரண்டில் மாவாட்டினால் தோசை சாப்பிடலாமா? உலையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியால் சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள், கம்பியில் வருவது எல்லாக் கரண்டையும் போன்ற கரண்டுதான், தோசையைத் தயங்காமல் சாப்பிடுங்கள் என்று எழுதினேன். அந்த வாரம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த மிதப்பில் இருந்தபோதுதான் மேலப்பாளையத்திலிருந்து ஓர் அட்டை வந்தது. ஒரே வரி. 'கதிர்வீச்சு பட்ட ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது ஒட்டிக்கொள்ளுமா?' கீழே 'ஒரு வாசகி'.

யாரோ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை என்று நினைத்தேன். பெரிய புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, கதிரியக்கத் தூசி உடையிலும் தோலிலும் படிந்தால் தொடுபவருக்கும் பரவும், ஆகவே அப்படிப்பட்டவரைத் தனிமைப்படுத்தவேண்டும் என்று பத்து வரி எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை.

பத்து நாள் கழித்து ஓர் இன்லண்டு லெட்டர் வந்தது. இந்தத் தடவை பெயரும் முகவரியும் இருந்தன. பெயர் பரக்கத் நிஷா. கணவர் சாகுல் வளைகுடாவில் எண்ணெய்க் குழாய் வேலையில் இருந்தவர். குழாயை ஒட்டவைத்த இடத்தில் உள்ளே கீறல் இருக்கிறதா என்று கதிரை வைத்துப் படம் எடுக்கும் வேலை. ஒருநாள் கதிர் வீசும் அந்தச் சின்ன உலோகத் துண்டு பெட்டிக்குள் திரும்பிப் போகாமல் வெளியிலேயே சிக்கிக்கொண்டது. அது தெரியாமல் இவர் பக்கத்தில் போய்விட்டார். கம்பெனி சோதித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டது. இங்கே வந்தால் ஐந்து மாதத்துப் பெண்குழந்தை காத்திருக்கிறது. அவர் அதை இன்னும் தொடவில்லை. தட்டு தனி, படுக்கை தறி கிடக்கும் கொட்டகையில். நடந்ததை வெளியே சொல்லவும் கூடாதென்று சொல்லிவிட்டார். பெண் பிறந்ததால் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறார் என்று தெருவே பேசுகிறது. கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: 'ஐயா, உங்கள் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அன்றிலிருந்து வீட்டுப் படியையும் மிதிப்பதில்லை.'

அதைப் படித்த இடம் ஆய்வகத்தின் பாட்டரி அறை. இன்றைக்கும் பாட்டரி அமில வாசனை வந்தால் அந்தக் கடைசி வரி ஞாபகம் வரும்.

இன்னொரு பத்து வரி எழுதிச் சரிசெய்கிற விஷயமா இது? எங்கள் ஆய்வகத்தில் கதிரை அளக்கும் கெய்கர் கருவி ஒன்று இருந்தது. டார்ச் பாட்டரியில் ஓடும். ஒரு குழாய், ஒரு பெட்டி, கதிர் ஒன்று நுழைந்தால் டிக் என்று ஒரு சத்தம். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சனிக்கிழமை காலையில் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மடியில் வைத்திருந்த பெட்டியைப் பார்த்துக் கண்டக்டர், "ரேடியோ ரிப்பேரா?" என்றார். ஆமாம் என்றேன்.

கதவைத் திறந்தவள் என்னைவிடச் சின்னவள். இடுப்பில் குழந்தை. பத்திரிகையிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஐயா வரலியா?"

"நாந்தான் எழுதுதது" என்றேன். அவள் முகம் விழுந்ததை மறைக்கவே இல்லை.

கொட்டகையில் தறி ஓடாமல் நின்றது. சாகுல் மூலையில் எழுந்து நின்றார். முப்பது வயது இருக்கும். "அங்கனயே நில்லுங்க டீச்சர், கிட்ட வராதீய" என்றார். நான் பெட்டியை முற்றத்தில் ஒரு முக்காலியில் வைத்துத் திறந்தேன். பொத்தானை அழுத்தியதும் டிக். கொஞ்சம் விட்டு, டிக், டிக்.

"பாத்தியளா. நான் நிக்கேன்லா, அதான் அடிக்கி" என்றார். நிஷா குழந்தையை இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

இது எனக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். கருவி எங்கே வைத்தாலும் கொஞ்சம் அடிக்கத்தான் செய்யும் என்பதை முதலிலேயே சொல்லாமல் விட்டேன் பாருங்கள், அதுதான் பேராசிரியர்.

அவரைத் தெருமுனை வரை போய் நிற்கச் சொன்னேன். வாட்ச்சைப் பார்த்து நானும் நிஷாவும் ஐந்து நிமிஷம் எண்ணினோம். பிறகு அவரைக் கூப்பிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து இன்னொரு ஐந்து நிமிஷம். இரண்டு மூன்று கூடக் குறைய இருந்ததே தவிர அதே எண்ணிக்கை. அவர் நம்பவில்லை.

"அங்கயும் மீட்டர் வச்சுத்தான் ஒண்ணுமில்லன்னானுவ. ஒங்க மீட்டரு கெட்டுப்போயிருந்தா?"

நியாயமான கேள்வி. பையிலிருந்து புது மேண்டில் ஒன்றை எடுத்தேன், காஸ் விளக்குக்குள் கட்டி எரிக்கும் சின்ன வலைப்பை. வரும் வழியில் கடையில் வாங்கியது. அந்தக் காலத்து மேண்டிலில் தோரியம் என்ற கதிர் வீசும் பொருள் இருக்கும்; ஆய்வகத்தில் கருவியைச் சோதிக்க அதைத்தான் வைப்போம். குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் கருவி சோளம் பொரிகிற மாதிரிப் படபடவென்று அடித்தது. எடுத்ததும் பழையபடி டிக், டிக்.

சாகுல் முதல் முறையாகத் தானே கிட்டே வந்தார். மீட்டர் பிடித்துப் பழகிய கை. குழாயை என்னிடமிருந்து வாங்கித் தன் நெஞ்சில் வைத்தார், உள்ளங்கையில் வைத்தார், சுவரில் வைத்தார், தறிக்கட்டையில் வைத்தார். எங்கும் அதே சத்தம். வெகுநேரம் இப்படியே செய்துகொண்டிருந்தார். நிஷா குழாயை அவர் கையிலிருந்து பைய வாங்கிக் குழந்தையின் வயிற்றுக்கு நேரே பிடித்தாள். டிக்.

"டீச்சர், புள்ளைட்டயும் அடிக்கி."

"அடிக்கும். மண்ணுலருந்து வருது, வானத்துலருந்து வருது. எல்லாரு மேலயும் விழுது. அவருட்ட அடிக்கதும் அதுதான். அவரு மேல பட்டது வெளிச்சம் மாதிரி ஊடால போயிட்டு. தூசி எதுவும் ஒட்டல. ஒட்டியிருந்தா இது சொல்லியிருக்கும்."

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆவாதா?" என்று அவர் கேட்டார்.

ஆகாது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அது எனக்குத் தெரியாது. "ஒங்க உடம்புக்குள்ள என்ன செஞ்சிருக்குன்னு இந்தப் பொட்டிக்குத் தெரியாது. அதுக்கு டாக்டர்ட்ட போயி ரத்தம் பாக்கணும். ஒங்களால புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது. அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்" என்றேன்.

அவர் தரையில் உட்கார்ந்தார். நிஷா குழந்தையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்துவிட்டு, எனக்குத் தேயிலை போட அடுப்படிக்குப் போய்விட்டாள். அவருக்குப் பிள்ளையை எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை. முதுகுக்குக் கை கொடுக்க நான்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது, எனக்கும் அது தெரியாது என்றபோதிலும்.

ரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை என்று பிறகு எழுதினாள். அந்த வேலைக்கு அவர் திரும்பிப் போகவில்லை, தறியையே ஓட்டினார். இன்னொன்றும் எழுதியிருந்தாள்: மேண்டிலுக்குப் பயந்து வீட்டிலிருந்த காஸ் விளக்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டாளாம். ஒரு பயத்தை எடுத்த இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். தூரத்தில் எரிகிற விளக்கால் பயமில்லை, உடைந்த மேண்டில் தூளை மூச்சில் இழுக்காமல் இருந்தால் போதும் என்று அடுத்த வாரப் பதிலில் எழுதினேன். விளக்கு திரும்பி வந்ததா என்று தெரியாது.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து வாராவாரம் கேள்வி வந்தது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பாலியஸ்டர் சேலையை இருட்டில் உதறினால் ஏன் பொறி பறக்கிறது? 'மதிப்பிற்குரிய ஐயா' போய் 'அன்புள்ள டீச்சர்' ஆயிற்று. ஐந்தாறு வருஷம் இப்படி ஓடியது. பிறகு பத்திரிகை நின்றுபோயிற்று. அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை. மேண்டிலில் இப்போது தோரியம் சேர்ப்பதில்லையாம், காஸ் விளக்கையே எங்கும் காணோம். தெரியாத ஓர் ஆளுக்குக் கேள்வி எழுதித் தபாலில் போட்டுவிட்டுப் பத்து நாள் பொறுத்திருக்கிற மனிதர்களையும் காணோம்.

பத்திரிகை நின்ற பிறகு அவளிடமிருந்து ஓர் அட்டை கல்லூரி முகவரிக்கு வந்தது. 'மகள் கேக்கா: சூரியனுக்கு யாரு விறகு போடுதா?' அச்சில் வராத அந்தப் பதிலுக்குத்தான் நான் அதிகம் சிரமப்பட்டேன். விறகே இல்லாமல், அணுவோடு அணு சேர்ந்து எரிகிற கதையை ஆறு வயதுக்குப் புரிகிற மாதிரி நான்கு தடவை எழுதிக் கிழித்து, ஐந்தாவதைக் கவரில் போட்டு அனுப்பினேன்.

மூன்றாவது வாரம் அந்தக் கவர் பிரிக்கப்படாமல் என்னிடமே திரும்பி வந்தது. மேலே தபால்காரர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: வீடு மாறிப் போய்விட்டார்கள்.