மேகசின் இல்லாமல் வெடித்தது

எஸ்றா என் மோட்டார் வைண்டிங் கடைக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. கிணற்று மோட்டாருக்குக் கம்பி சுற்ற அவனைப் போலப் பொறுமைக்காரன் திசையன்விளையில் கிடையாது. பட்டாளத்திலிருந்து விலக்கி அனுப்பப்பட்டவன். அதைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பேச்சுதான்.

“மேகசின் வெளியதான் இருந்துச்சு, அண்ணாச்சி.”

மேகசின் என்பது குண்டுகளை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் பெட்டி. அந்தக் கைத்துப்பாக்கியின் வரலாற்றை அவன் வாயால் நூறு தடவை கேட்டிருப்பேன். பிரவுனிங் என்ற அமெரிக்காக்காரர் தொடங்கிவிட்டுச் செத்துப்போனார். பெல்ஜியத்துக்காரர் ஒருவர் முடித்தார். பெட்டியில் பதிமூன்று குண்டு, அந்தக் காலத்தில் அது பெரிய சங்கதி. மேகசினைக் கழற்றிவிட்டால் வெடிக்கவே கூடாது என்று பிரெஞ்சுப் பட்டாளம் கேட்டதாம். அதற்காக விசையில் ஒரு சின்ன ஆணியும் ஸ்பிரிங்கும் வைத்தார்கள். கேட்டவன் கடைசியில் வேறு துப்பாக்கிக்குப் போய்விட்டான். ஆணி மட்டும் தங்கிவிட்டது. பெரிய போரில் ஜெர்மன்காரன் அந்தத் தொழிற்சாலையைப் பிடித்துத் தனக்குச் செய்துகொண்டான். எதிர்த்தரப்பு அதையே கனடாவில் செய்தது. இரண்டு பக்கமும் ஒரே துப்பாக்கி. அப்படியே ஐம்பது நாட்டுக்கு மேல் பரவி, நம் நாட்டிலும் செய்ய ஆரம்பித்து, எஸ்றாவின் கைக்கும் வந்தது.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, காவல் முடிந்து வந்தவன் மேகசினைக் கழற்றினான். குழலுக்குள் ஒரு குண்டு தங்கியிருந்ததைப் பார்க்கவில்லை. விசையை அழுத்தினான். வெடித்தது. கூட இருந்த சங்கிலிபூதத்தானுக்கு இடது கால் போயிற்று. இருவரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

விசாரணையில் துப்பாக்கியைச் சோதித்தார்கள். மேகசின் இல்லாமல் அது வெடிக்கவில்லை. அப்படியென்றால் எஸ்றா சொல்வது பொய் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வேலை போனதைக்கூட அவன் தாங்கிக்கொண்டான். சங்கிலி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. போட்ட கடிதம் எதற்கும் பதில் இல்லை. நான் பொய்யன் இல்லை என்று அவன் ஒருத்தனுக்குத் தெரிந்தால் போதும் என்பான் எஸ்றா. வேறொன்றும் அவன் கேட்டதில்லை.

போன மாதம் டெபோரா டீச்சர் ஒரு மிக்ஸி கொண்டுவந்தார்கள். மூடியைப் பூட்டினால்தான் ஓடுகிற வகை. பூட்டோடு சேர்ந்த சுவிட்ச் போயிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு டைரக்டாக ஒயர் கொடுத்தேன். எல்லாக் கடையிலும் செய்கிற வேலைதான். மூடி இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன், ஓடியது.

எஸ்றா கையிலிருந்த கம்பிச் சுருளைக் கீழே வைத்தான்.

“அண்ணாச்சி, அந்த ஆணிய யாரோ எடுத்திருக்கான்.”

எடுக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். எஸ்றா இருந்த பட்டாளத்தில் ஆயுதப் பழுது பார்த்த நேசையா. இப்போது ஓய்வுபெற்றுப் பாளையங்கோட்டையில் இருக்கிறார். எஸ்றாவுக்கு வருடம் தவறாமல் கிறிஸ்துமஸ் கேக் அனுப்புகிறவர். அந்தக் கேக்கை நானும் தின்றிருக்கிறேன்.

மறுநாளே போனோம். நேசையா மறுக்கவில்லை. எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த ஆணி இருந்தால் விசை கனமாக இருக்கும், ஆபீசர் சொன்னார், எடுத்தேன் என்றார். வெடித்த பிறகு வேலை போய்விடும் என்று பயந்தேன், பிள்ளைகள் அப்போது சின்னது என்றார்.

“எல்லா நாட்டுப் பட்டாளத்துலயும் இதைக் கழட்டுதான் வே. நான் மட்டுமா செஞ்சேன்?”

“ஒலகமே கழட்டட்டும்,” என்றான் எஸ்றா. “சோதனைக்கு முந்தித் திருப்பி மாட்டுனது நீரு ஒருத்தர்தாம்.”

 நேசையா எழுந்து சட்டை மாட்டிக்கொண்டார். சங்கிலியிடம் தானே சொல்வதாகச் சொன்னார்.

சங்கிலிபூதத்தான் அம்பாசமுத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். மூன்று பேரையும் பார்த்தான், வா என்று சொல்லவில்லை. நேசையா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார், எடுத்ததையும் மாட்டியதையும். சங்கிலி ஒரு ரேஷன் கார்டை நகல் எடுத்து, ஆளை அனுப்பிவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

“இவன் பொய் சொன்னான்னு நான் நெனச்சதே இல்லையே வே.”

எஸ்றாவின் முகம் ஒரு நிமிடம் மலர்ந்தது. சங்கிலி அவன் பக்கம் திரும்பினான்.

“ஏலே, மேகசின் உள்ள இருந்தா என்ன, வெளிய கெடந்தா என்ன? எம்பக்கம் எதுக்குல நீட்டுன?”

எஸ்றா தரையைப் பார்த்தான். “வெளையாட்டுக்கு…”

“அதை ஒரு கடுதாசியிலயும் நீ எழுதலயே.”

 துப்பாக்கி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று பதினேழு வருடத்தில் நானும் கேட்டதில்லை. துடைக்கும்போது வெடித்தது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் நேசையா, பட்டாளத்துக்கும் உண்மையை எழுதிப் போடுகிறேன் என்றார். எஸ்றா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பாளையங்கோட்டையில் அவரை இறக்கிவிட்டோம்.

மறுநாள் கடைக்கு வந்தவன், நான் கொடுத்த டைரக்ட் ஒயரை வெட்டிவிட்டு மிக்ஸியை ஓரமாக வைத்தான். புதுச் சுவிட்ச் வரட்டும் என்றான். மத்தியானம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டான், சங்கிலிக்கு எழுத வேண்டுமாம். கொடுத்தேன். கடை அடைக்கும்போது பார்த்தேன். சங்கிலியின் பெயர் மட்டும் மேலே இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.