இரண்டு கட்டைக்கு நடுவே ஒரு சுருதி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விடுகிறவள் நான். கல்லறைத் திருநாளில் எல்லாரும் கிளம்பிய பிறகும் அம்மா கல்லறையில் தனியாக ஜெபமாலை சொல்லிவிட்டுத்தான் வருவேன். அதனால் இதைச் சொன்னால் உனக்குமா என்று சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். இது நடந்தது பட்டப்பகலில், கோயில் நிறைய சனம் இருந்தபோது.

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் எங்கள் வீடு. அண்ணன் அந்தோணிக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. கோயில் பாடல் குழுவில் அவனும் இருந்தான், நானும் இருந்தேன். நான் வாயை மட்டும்தான் அசைக்கிறேன் என்று கேலி செய்வார்கள், அவ்வளவு கூச்சம்.

பெரிய வியாழன் பூசையில் ஆர்மோனியத்தை மூடித் துணி போட்டால் உயிர்ப்பு இரவு வரை தொடமாட்டார்கள். மணியும் கிடையாது, மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அதனால் பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டுக்குச் சுருதி கொடுப்பது அண்ணன்தான். வாயை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் 'ம்ம்' என்று இழுப்பான், நாங்கள் பிடித்துக்கொள்வோம். அதுவும் ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையிலாவது சேரும் சுருதியா என்றால் இல்லை. ஆர்மோனியம் வாசிக்கும் இன்னாசி மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

"டேய், ரெண்டு கட்டையும் இல்ல, ரெண்டரையும் இல்ல, நடுவுல நின்னுகினு கீறியே. எந்தப் பொட்டியிலடா கீது இந்த சுருதி?"

"உன் பொட்டியில கட்டை கம்மி மாஸ்டரு, அதுக்கு நான் இன்னா பண்றது?" என்பான்.

அந்த வருடம் தவக்காலத்துக்கு முன்பே மஞ்சள் காமாலையில் அண்ணன் போய்விட்டான். அண்ணி ரெஜினா ஒரு சொட்டு அழவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள், கஞ்சியை ஊட்டினால் வாயோரம் வழியும். பால் வற்றிவிட்டது, கைக்குழந்தை கத்திக் கத்திக் குரலே கம்மிவிட்டது. பக்கத்து வீட்டு லூர்து அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "இவ அழுதாதான் பொழைப்பா பிலோமி. இல்லாங்காட்டி கொயந்தையும் தங்காது, சொல்லிட்டேன்."

பெரிய வெள்ளி மதியச் சடங்குக்கு அண்ணியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து தூண் ஓரம் உட்கார வைத்தோம். எல்லாரும் வரிசையாகச் சிலுவையை முத்தி செய்யும் நேரம் மாதா புலம்பல் பாட வேண்டும். மாஸ்டர் என்னைப் பார்த்தார். "அவன் தங்கச்சிதானே நீ, குடும்மா சுருதிய." நான் வாயைத் திறந்தேன். சனம் காத்திருந்தது, சாமியார் திரும்பிப் பார்த்தார், எனக்குக் காற்றுகூட வரவில்லை.

அப்போது 'ம்ம்' என்று வந்தது, அடித்தொண்டையில், எங்கள் நடுவிலிருந்தே. யாரும் திரும்பவில்லை, பழக்கம் பாருங்கள், அப்படியே எல்லாரும் பாட்டை எடுத்துவிட்டோம். முதல் வரி முடிவதற்குள் தூண் ஓரத்தில் ஒரு அலறல். அண்ணி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நாங்கள் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்தும் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் குழுவில் எங்களோடு பாடும் சவரிமுத்துவிடம் மாஸ்டர் கேட்டார். "சவரி, நீதானே குடுத்தே?"

"அய்ய, எனுக்குத் தொண்ட கட்டிகினு கீது. இவதான்னு நெனச்சேன்" என்று அவன் என்னைக் காட்டினான்.

"பொம்பள தொண்டயாடா அது?" என்ற மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ஒருசந்தி நோன்பு என்றுகூடப் பார்க்காமல் அண்ணி கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். குழந்தைக்குப் பால் ஊறியது. அவள் சொன்னது இவ்வளவுதான்: "உங்க அண்ணன் இன்னைக்கும் நடுவுலதான் நின்னாரு, பாத்தியா?"

எனக்கு இப்போது ஐம்பது ஆகப்போகிறது. மாஸ்டரும் இல்லை, சவரியும் இல்லை, அண்ணன் குரலைக் கேட்டவர்கள் குழுவில் என்னைத் தவிர யாரும் இல்லை. பெரிய வெள்ளிக்குச் சுருதி கொடுக்க யாரையும் வைப்பதில்லை. சற்று நேரம் சும்மா நிற்போம், எப்படியோ எல்லாரும் சேர்ந்து எடுத்துவிடுவோம். அது எப்படி என்று நான் யோசித்ததே இல்லை.

போன வருடம் கீபோர்டு வாசிக்கப் புதிதாக ஒரு டீச்சர் வந்தாள், திருவொற்றியூர்ப் பெண். சடங்கு முடிந்ததும் என்னிடம் வந்தாள். "அக்கா, நீங்கல்லாம் பாடுன சுருதி ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்குதே, கவனிச்சீங்களா? சரி, மொதல்ல இழுத்துக் குடுத்தாரே ஒருத்தர், அவரு யாரு?"

எனக்கு அந்த 'ம்ம்' கேட்கவில்லை. அந்த ஒரு மதியத்துக்குப் பிறகு எந்த வருடமும் கேட்டதில்லை. கூடப் பிறந்தவள் நான். யாரோ எவளோ, அவளுக்குக் கேட்கிறது.