சீன முதலாளியின் கதிரை

யுத்தத்துக்கு நடுவே துப்பாக்கிகள் கொஞ்சம் ஓய்ந்திருந்த ஓர் ஆவணி மாதம், மூதூரிலிருந்து திருகோணமலைக்கு மறுபடி லோஞ்ச் படகு ஓடத் தொடங்கியது. செய்தி கேட்ட அன்றே அம்மா பயணச் சேலையை எடுத்து வைத்துவிட்டாள். அவளுடைய அப்பாவின் வீடு அக்கரையில், துறைமுகத் தெருவில்.

அவர் சீனர். உலக யுத்தக் காலத்தில் கப்பலில் வந்து, துறைமுகத்தில் அபினும் சூதாட்டமும் நடத்திய கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். பிறகு வெள்ளைக் கோட்டு மாட்டி, படகுக்காரருக்கும் கடைக்காரருக்கும் முதல் போடும் பெரிய மனிதர் ஆனார். பழைய பயம் மட்டும் போகவில்லை. கல்யாண வீட்டில்கூட வாசலுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டாராம். அம்மாவும் அப்படித்தான், எங்கள் வீட்டில் அவளுடைய கதிரையை யாரும் திருப்ப முடியாது.

அவருக்குச் சொல்லாமல் ஓடிவந்து, மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சான் ஊர் வாத்தியாரை, அதாவது என் அப்பாவை, கட்டிக்கொண்டவள் அம்மா. ஆள் வைத்து வெட்டிவிடுவார் என்று பயந்து அந்தப் பக்கமே போகவில்லை. அவர் சாவுக்கும் போகவில்லை. கோபம் ஆறாமலே போய்விட்டாரா என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டும்.

காலை ஏழரைக்கு லோஞ்ச், ஆளுக்கு முப்பது ரூபாய். கடலில் ஒரு மணி நேரம். சோதனைச் சாவடியில் பையைக் கொட்டிக் கிளறியதில் இன்னொரு மணி நேரம். (நான் முறைத்தேன். அம்மா கிள்ளினாள்.) இறங்குதுறைக்கு எதிரேயே வீடு. கீழே இப்போது தேநீர்க்கடை. அதை நடத்துபவர் முதலாளிக்குச் சமைத்துப் போட்ட காசிம் நானா.

"நானா, அப்பா என்னைப் பற்றி ஏதும் கதைச்சவரோ?"

"ஒண்டும் கதைக்கேல்ல தங்கச்சி. உங்கட பேரை எடுக்கவே ஒருத்தருக்கும் ஏலாது. மேல வாங்கோ."

மேல்மாடியில் ஒரே ஒரு கதிரை, ஜன்னலைப் பார்த்தபடி, வாசலுக்கு முதுகு காட்டிக் கிடந்தது.

"நான் திருப்பேல்ல. நீங்கள் போன பிறகு அவர்தான் இப்பிடிப் போட்டவர். மூதூர் லோஞ்ச் வாற நேரமெல்லாம் இதிலதான் இருப்பார். கடைசி ஆள் இறங்குமட்டும் எழும்பமாட்டார்."

ஜன்னலில் இறங்குதுறை முழுவதும் தெரிந்தது. அம்மா வாசலுக்கு முதுகு காட்டி அதில் உட்கார்ந்தாள். "ஒருக்கா வந்திருக்கலாம், என்ன?" என்று என்னைக் கேட்டாள்.

இப்போது பாலங்கள் வந்துவிட்டன. கிண்ணியா வழியாக பஸ்ஸில் சுகமாகப் போய்வரலாம். லோஞ்ச் ஓடினால் அதிலேயே போங்கள். திரும்பும்போது பின்பலகையில் இடம் பிடியுங்கள், துறைமுகத் தெரு கடைசிவரை தெரியும். அன்று அம்மா அந்தப் பலகையில்தான் இருந்தாள். அந்த மேல்மாடியில் வெறும் ஜன்னல்தான். அது மறையும்வரை கை காட்டிக்கொண்டே வந்தாள்.